மறு: ஆப்வெர்ஸ், ரிவெர்ஸ் – கிரேக்கக் காசுக்குப் ‘பூவா தலையா’ சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம். பழங்காசின் இரு பக்கங்களைக் குறிக்கும் ஆப்வெர்ஸ் (obverse), ரிவெர்ஸ் (reverse) ஆகிய சொற்களுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழில் என்ன போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது. உங்கள் கருத்துகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ஆப்வெர்ஸுக்குத் தலைப்பக்கம், ரிவெர்ஸுக்குப் பூப்பக்கம். ஊரே சொல்வதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்?

ஐயா, கிரிக்கெட் மைதானத்துக்கு அது போதும். ஏதென்ஸ் காசு வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும்: ஒரு பக்கம் அதீனா தெய்வத்தின் தலை, மறுபக்கம் ஆந்தை. சிசிலித் தீவிலிருந்த கிரேக்க நகரமான சிரகூஸின் காசை எடுத்தால்தான் சிக்கல்.

கி.மு. 400-ஐ ஒட்டி அங்கே அடிக்கப்பட்ட பத்து திராக்மா வெள்ளிக் காசைப் பாருங்கள். ஏறக்குறைய 43 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ஒரு பக்கம் நாலு குதிரை பூட்டிய தேர் பாய்கிறது. முன்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன, ஆனாலும் எந்தக் கால் எந்தக் குதிரையுடையது என்று கண் பிரித்துவிடும். மேலே வெற்றித் தெய்வமான நைக்கி தேரோட்டிக்கு முடிசூட்டப் பறந்து வருகிறாள். மறுபக்கம் நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் பக்கவாட்டு முகம், சுற்றி நான்கு டால்பின்கள். அச்சு செதுக்கிய கலைஞர்களில் ஒருவரான யூவைனெதோஸ் செதுக்கிய முகத்தில் சுருள் சுருளான கூந்தலுக்குள் நீண்ட இலைகள் செருகியிருக்கும். கழுத்துக்குக் கீழே கையெழுத்தும் உண்டு. இன்னொரு கலைஞரான கிமோன் இன்னும் துணிச்சல்காரர். தன் பெயரைச் சுருக்கி அவள் நெற்றிப்பட்டத்திலேயே பொறித்துவிட்டார். கிரேக்கக் காசுகளில் இதைவிட அழகான முகம் வேறு இல்லை என்பது என் கட்சி.

இந்தக் காசுக்கு நாணயவியல் பட்டியல்களில் ஆப்வெர்ஸ் எது? தேர். அரெதூசா இருப்பது ரிவெர்ஸ். உங்கள் சொல்லை வைத்து எழுதினால் “தலைப்பக்கத்தில் தேர், பூப்பக்கத்தில் தலை” என்றாகும். படிக்கிறவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

காரணம், இந்தப் பெயர்கள் படத்தைப் பார்த்து வைத்தவை அல்ல. அடித்த முறையைப் பார்த்து வைத்தவை. கீழ் அச்சைப் பட்டடைக்குள், அதாவது கொல்லர் உலோகத்தை வைத்து அடிக்கும் அடிக்கட்டைக்குள், அசையாமல் பதித்துவிடுவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லை. வில்லையின்மேல் இன்னோர் அச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி. கீழ் அச்சின் பதிவுதான் ஆப்வெர்ஸ், மேல் அச்சின் பதிவு ரிவெர்ஸ். அடியை நேராக வாங்குவது மேல் அச்சு என்பதால் அதுதான் முதலில் விரிசல் விடும். விரிசல் விட்ட அச்சால் அடித்த காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். கீழ் அச்சோ ஒன்றே இருந்து இரண்டு மூன்று மேல் அச்சுகளோடு ஜோடி சேரும். எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துவது பெரும்பாலும் இந்த ஜோடிகளை வைத்துத்தான். ஆக, சொல்லுக்குள் அச்சு இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

என் முன்மொழிவு: ஆப்வெர்ஸுக்குப் பட்டடைப் பக்கம், ரிவெர்ஸுக்குச் சம்மட்டிப் பக்கம். பட்டடை ஒன்றும் நான் கண்டுபிடித்த சொல் இல்லை. குறளிலேயே ‘எறிதற்குப் பட்டடை’ இருக்கிறது.

> ‘அடியச்சுப் பக்கம்’, ‘மேலச்சுப் பக்கம்’ என்று சொன்னால் இன்னும் எளிது.

மேலச்சில் எனக்குத் தகராறு இல்லை. அடியச்சில்தான் குழப்பம். ‘அடி’ கீழ்ப்பகுதியா, அடித்தலா? அடி வாங்குவது மேல் அச்சு. பெயரில் அடி இருப்பது கீழ் அச்சு. மாணவர்கள் தேர்வில் மாற்றி எழுதத் தோதான சொல்!

> முகப்பு, பின்புறம் என்பவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளனவே?

அருங்காட்சியகக் குறிப்புகளுக்கு அவை போதும். நுழைந்து பார்த்துவிட்டுப் போகிறவரிடம் பட்டடையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கலைச்சொல் பட்டியலில் அவற்றை மாற்றுச் சொல்லாகப் போடலாம். ஆனால் ‘முகப்பு’ என்றதும் முக்கியமான பக்கம் என்ற எண்ணம் வந்துவிடும். அரெதூசாவை எந்த வாயால் பின்புறம் என்பது?

தலையே இல்லாத காசுகளையும் பாருங்கள். கிரேக்கத் தீவான ஏகினாவின் காசில் ஒரு பக்கம் முதுகு உப்பிய கடலாமை, மறுபக்கம் மேல் அச்சு பதிந்த வெறும் சதுரக் குழி. தென் இத்தாலியில் மெதபொந்தம் ஊரின் தொடக்ககாலக் காசு இதைவிட வேடிக்கை: ஒரு பக்கம் வாற்கோதுமைக் கதிர் மேடாக எழும்பி நிற்கும், திருப்பினால் அதே கதிர் பள்ளமாக இறங்கியிருக்கும். தகடு மெல்லியது, இரண்டு அச்சும் கொஞ்சம் விலகினாலும் கதிர் கலைந்துபோகும். மணிமணியாகப் பொருந்தும்படி அடித்திருக்கிறார்கள். அதே தென் இத்தாலியின் குரொத்தோன் ஊர்க் காசில் இதே முறையில் முக்காலி. பூவும் இல்லை, தலையும் இல்லை. பட்டடைப் பக்கம் என்றால் மேடு, சம்மட்டிப் பக்கம் என்றால் பள்ளம். பேச்சு முடிந்தது.

இந்தப் பள்ள உருவுக்கு, அதாவது இன்க்யூஸுக்கு, ‘குழிவுரு’ என்று சென்ற வாரம் ஒருவர் சொன்னார். மேடாக எழும் உருவைக் குறிக்கும் ‘புடைப்புரு’வோடு நன்றாக ஜோடி சேருகிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எக்சர்க். தேரின் தரைக்கோட்டுக்குக் கீழே உள்ள சின்ன இடம். சிரகூஸ் காசில் அங்கே மார்புக்கவசம், கேடயம், தலைக்கவசமெல்லாம் பரிசுப் பொருள்களாக அடுக்கியிருக்கும். ‘ஆத்லா’, அதாவது பரிசுகள், என்ற எழுத்தும் உண்டு. ‘அடித்தளம்’ வேண்டாம், கட்டடம் நினைவுக்கு வருகிறது. ‘கீழ்க்கட்டம்’ எப்படி? சதுரமாக இல்லையே என்று ஆட்சேபம் வரலாம், வரட்டும்.

ஒரே ஒரு சந்தேகம், பட்டறை வேலை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்: காசடிக்கிற கருவிக்குச் சம்மட்டி என்பது பொருந்துமா, சுத்தியல்தான் சரியா? சம்மட்டி என்றால் பாறை உடைக்கிற பெரிய கருவிதான் என் கண்முன் வருகிறது. சுத்தியல்தான் சரி என்றால் ‘சுத்தியல் பக்கம்’ என்று மாற்றிவிட்டுப் பட்டியலை அனுப்புகிறேன்.