கரைவீட்டுச் சொந்தங்கள் குழு: சாய்தளம் எங்கே?

பெரியப்பா: நாளைக் காலை 10 மணிக்கு இடம் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். ஆற்றில் படகு இறக்கும் சாய்தளத்துக்கு ஊர் ஒரே இடத்தைச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்குள்ளேயே நாலு பேச்சு வேண்டாம். இன்றே சொல்லுங்கள்.

சின்ன மாமா: பனையடிதான். வேறென்ன

மலர் சித்தி: பனையடி 👍

செல்வி அத்தை: பனையடி. தார் ரோடும் அங்கேதான் இருக்கு.

முத்து அண்ணன்: பனையடி வேண்டாம் பெரியப்பா. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், கோபிக்காமல் படியுங்கள். ஆறு வளையும் இடத்தில் உள்பக்கக் கரையில் தண்ணீர் மெதுவாகப் போகும், சுமந்து வரும் மணலை அங்கேதான் போடும். பனையடி உள்பக்கம். பெரிய கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் இறங்கினால் தளத்தின் அடி மண்ணில் மூடிவிடும். எதிர்க்கரை ஆழம், ஆனால் அரிப்பு. வளைவுக்கு மேற்கே ஆறு நேராக ஓடும் இடம்தான் நிற்கும்.

சின்ன மாமா: மேற்கே என்றால் எது

முத்து அண்ணன்: செல்வி அத்தை தோப்புக்கு அடியில்.

மலர் சித்தி: ஆரம்பிச்சாச்சு

செல்வி அத்தை: பாகம் பிரித்தபோது பாதையே இல்லாத பக்கத்தை எனக்குக் கொடுத்தீர்கள். இப்போது அதில் ஊருக்கே பாதை வேண்டுமா?

பெரியப்பா: அது வேறு, இது வேறு செல்வி.

செல்வி அத்தை: எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே.

துபாய் மச்சான்: வெள்ளிக்கிழமை இங்கே ஒருத்தர் கிளம்பி வருகிறார். கருவாடு கொடுத்துவிட முடியுமா?

மலர் சித்தி: நெத்திலி இருக்கு. சீலா இன்னும் காயவில்லை.

துபாய் மச்சான்: சீலாதான் வேண்டும் சித்தி

பெரியப்பா: கருவாட்டை அப்புறம் பேசுங்கள். முத்து, 64 புயலில் அப்பா வள்ளத்தைப் பனையடியில்தான் ஏற்றிக் கட்டினார். தனுஷ்கோடியே போன ராத்திரி. நம் வள்ளம் நின்றது.

முத்து அண்ணன்: தாத்தா செய்தது சரி பெரியப்பா. புயலுக்கு ஒதுங்க வளைவு நல்ல இடம். தினமும் இறக்கி ஏற்றுவதற்குக் கணக்கு வேறு. வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஏறி நிற்கும்; கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், உள்வாங்கிவிடும். ஆற்று வாயிலும் அதே கதைதான். வற்றிய மட்டத்துக்கும் 3 அடி கீழே தளத்தின் நுனி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் படகைச் சேற்றில்தான் தள்ள வேண்டியிருக்கும். மோட்டார் விசிறி கிளப்பும் தண்ணீரில் நுனிக்கு அடியில் மண் கரையும், காங்கிரீட் அந்தரத்தில் தொங்கும், ஒருநாள் முறியும். நுனியைச் சுற்றி பெரிய கல் அடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சின்ன மாமா: ம்

ராணி மதினி: நான் ஒன்று சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் கூடையோடு இறங்குவது நாங்கள். பாசியில் வழுக்குகிறது. விளக்கும் இல்லை. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முத்து அண்ணன்: ரொம்பச் சரி மதினி, அதுதான் முதலில் வர வேண்டியது. தளத்தை வழவழவென்று பூச விடக் கூடாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஓரம் நோக்கிச் சாய்வாகப் பள்ளக்கோடு இழுக்க வேண்டும். காலும் பிடிக்கும், டயரும் பிடிக்கும், சேறும் கோடு வழியே வடிந்துவிடும். 7 அல்லது 8 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் போதும், அதற்கு மேல் செங்குத்தானால் டிராக்டர் திணறும். அகலம் 15 அடி. மேலே டிராக்டர் திரும்ப இடம். கூடை இறக்கத் தனியாக ஒரு மேடை, அது படகு ஏறும் வழியில் இருக்கக் கூடாது.

ராணி மதினி: மேடைக்குக் கூரையும்

சின்ன மாமா: ஆற்றுக்கு நேராகவா போடணும்?

முத்து அண்ணன்: இல்லை மாமா, ஓட்டம் போகும் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து. நேர் குறுக்கே என்றால் வெள்ளக் காலத்தில் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும்.

துபாய் மச்சான்: தோப்புக்குக் கீழே கண்டல் (அலையாத்திச் செடி) நிற்கிறதே, வெட்டணுமா

முத்து அண்ணன்: ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதன் வேரில்தான் வளர்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியிலும் அதற்குத்தான் அதிகக் காப்பு, வெட்டுவோம் என்று எழுதினால் மனுவே நிற்காது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். கண்டல் முடிந்த பிறகு மேற்கே வெறும் கரை இருக்கு, அதைச் சொல்கிறேன்.

செல்வி அத்தை: பாதை எத்தனை அடி போகும்?

முத்து அண்ணன்: 12 அடி, வேலியோரமாக.

செல்வி அத்தை: என் தென்னை ரெண்டு போகும். உன் மாமா வீட்டுக்கு வரட்டும், அவரைக் கேட்டுச் சொல்கிறேன். எதிலும் இப்போது கையெழுத்துப் போட மாட்டேன்.

பெரியப்பா: யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. காலை 8 மணிக்கு எல்லாரும் பனையடிக்கு வாருங்கள். அங்கிருந்து மேற்கே நடப்போம். முத்து, மூங்கில் கம்பு கொண்டு வா. ரெண்டு இடத்திலும் ஆழம் பார்ப்போம்.

முத்து அண்ணன்: சரி பெரியப்பா. கச்சான் காலத்திலேயே அளப்பது நல்லது, இதைவிட வற்றாது.

மலர் சித்தி: சீலா எத்தனை கிலோ?

துபாய் மச்சான்: 3

செல்வி அத்தை: வேலியைத் தாண்டி வராதீர்கள். கேட் சாவி என்னிடம் இருக்கு.

சின்ன மாமா: அப்போ மனுவில் எந்த இடம் எழுதுறது?

பெரியப்பா: ஆழம் பார்த்துவிட்டு எழுதுவோம். செல்வி, நீயும் வா.