ஆடித் திருவிழா சீரியல் செட்: முதலில் பெட்டிக்குப் பணம் ஒதுக்குவோம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆடித் திருவிழாவுக்குக் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் சீரியல் செட் போடலாம் என்று துபாய் மாமா வசூல் ஆரம்பித்திருப்பது நல்ல காரியம், என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். ஆனால் அவர் போட்ட பட்டியலில் விளக்கு இருக்கிறது, ஆர்ச் இருக்கிறது, ஜெனரேட்டர் வாடகை இருக்கிறது, மழையில் இந்த இணைப்பையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற பெட்டி மட்டும் இல்லை. போன ஆடிக்கு வந்த போட்டோக்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பந்தல் இரும்புக் குழாயில் பிளக் போர்டைக் கட்டுக்கம்பியால் கட்டி, மேலே ஒரு பாலித்தீன் பையைச் சுற்றியிருக்கிறார்கள். சாமி வரும்போது அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

மைக்செட்காரரைக் குறை சொல்ல வரவில்லை, பல ஊர்களிலும் இப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் கீழே சேலத்தில் மழை என்றால் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், நம் மலையில் ஆடி என்றால் சாரலும் மூட்டமும் மாறி மாறி இரவெல்லாம் நிற்கும். பை மழையைத் தடுத்தாலும் மூட்டத்தைத் தடுக்காது, உள்ளே வியர்க்கிற நீர் வெளியே போக வழியில்லாமல் பிளக் பின்களிலேயே தங்கிவிடும்.

எனக்கு இங்கே நியூஜெர்சியில் கட்டடங்களுக்கு மின்சாரப் பராமரிப்பு வேலை. டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுவதும் எங்கள் தலையில்தான். இங்கே வெளிப்புற பிளக் என்றால் பிளக் செருகியிருக்கும்போதும் மூடிக்கொள்கிற மூடியும், சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற ஜிஎஃப்சிஐயும் சட்டப்படியே கட்டாயம். அட்லாண்டா தம்பி இதையெல்லாம் வாங்கி லக்கேஜில் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தான். வேண்டாம் தம்பி. அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் ஊர் 230 வோல்ட்டில் அவற்றை நம்பக் கூடாது. தேவையானதெல்லாம் சேலத்து எலக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கும்.

பெட்டி வாங்கும்போது ஐபி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், பெட்டி எதை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எண் அது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், 65 என்றால் தூசி புகாது, ஹோஸ் வைத்து அடித்தாலும் தாங்கும். நமக்கு 65 போதும், பாலிகார்பனேட் என்கிற கெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. தகரப் பெட்டி துருப்பிடிக்கும், அதோடு பெட்டிக்கே தனியாக எர்த் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம் பெட்டியை மாட்டுகிற விதம். 65 என்று எழுதிய பெட்டியில் டிரில்லை வைத்து ஒரு துளை போட்டு வயரை அப்படியே நுழைத்தால் அந்த எண்ணுக்கு அதோடு மதிப்பில்லை. ஒவ்வொரு வயருக்கும் அதன் பருமனுக்கேற்ற கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கித் துளையை அடைக்கிற மரை) வேண்டும், எல்லாமே பெட்டியின் அடிப்பக்கத்தில்தான் வர வேண்டும், மேலேயோ பக்கவாட்டிலோ கூடவே கூடாது. வயர் பெட்டிக்கு வரும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறினால் வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவரில் மாட்டினால் பின்னால் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், ஸ்க்ரூ எல்லாம் மூடியை அடைக்கிற ரப்பர் கேஸ்கெட்டுக்கு வெளியே இருக்கும் மூலைத் துளைகளில் போக வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். மூடி ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் கேஸ்கெட் சமமாக அமரும். பகலில் சூடாகி இரவில் குளிர்கிற பெட்டி வெளிக்காற்றை எப்படியும் உள்ளே இழுக்கும், மூட்டமும் கூடவே வரும், அதனால் அடியில் ஒரு பிரீதர் டிரெய்ன் பிளக் (காற்று போய்வர, நீர் வடிய விடுகிற அடைப்பான்) போட்டுவிட்டால் வியர்த்த நீர் வடிந்துவிடும். துளை எதையும் சும்மா திறந்து விடாதீர்கள், எறும்பும் பல்லியும் குடியேறிவிடும்.

கல் மண்டபத்தில் தயவுசெய்து யாரும் துளை போட வேண்டாம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஆணியும் வேண்டாம். தனியாக ஒரு சவுக்குக் கட்டை நட்டு அதில் மாட்டலாம். குழந்தைகளுக்கு எட்டாமல், பெரியவர் ஒருவர் நின்றபடியே அணைக்கிற உயரம் சரியாக இருக்கும். சீரியல் செட்டைக் கட்டவும் கட்டுக்கம்பி வேண்டாம், காற்றில் ஆடி ஆடி வயர் தோலை அறுத்துவிடும், பிளாஸ்டிக் டை போதும்.

பெட்டிக்குள்ளே எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆனால் அணைகிற சுவிட்ச்) மட்டும் இருந்தால் ஆளைக் காப்பாற்றாது. நம் மலை பாறைப் பூமி, எர்த் சரியாக இறங்காது. எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட் மண்ணுக்குள் போக இருக்கும் தடை, 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், வயர் தோலுரிந்து பந்தல் குழாயில் பட்டாலும் 230 வோல்ட்டில் மண்ணுக்குப் போகிற கரண்ட் 4.6 ஆம்பியருக்கு மேல் வராது, 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது, குழாயில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (இங்கத்திய ஜிஎஃப்சிஐ போலக் கசிவைப் பார்த்து அணைகிற சுவிட்ச்) அந்த இடத்தில் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஆர்சிசிபி ஓவர்லோடைக் கவனிக்காது. தினமும் மாலை விளக்கு போடும் முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும்.

ஜெனரேட்டர் விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். வாடகை ஜெனரேட்டரின் நியூட்ரல் (கரண்ட் திரும்பி வருகிற வயர்) எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தால் ஒரு இடத்தில் கசிந்தாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாது, இன்னொரு இடத்தில் தொட்டவருக்குத்தான் தெரியும். நியூட்ரலை ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்க்க வேண்டும், அதை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும், நம் பையன்கள் ஆர்வத்தில் இறங்க வேண்டாம். ஜெனரேட்டர் பேசும்போதே வயர்மேன் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள் மாமா.

பணம் போதவில்லை என்றால் ஆர்ச்சை விட்டுவிடலாம், பஸ் ஸ்டாப் வரை போகாமல் தேர் திரும்புகிற முனையோடு நிறுத்திக்கொள்ளலாம். பெட்டியும் ஆர்சிசிபியும் ஒரு தடவை வாங்கினால் கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் அப்படியே உதவும்.

அடுத்த மாதம் சிங்கப்பூர் அக்கா லீவில் ஊருக்குப் போவதாக எழுதியிருந்தார். கோயில் மீட்டருக்குப் பக்கத்தில் எர்த் குழி இருக்கிறதா, பூசாரி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்புங்கள் அக்கா, கடையில் கேட்க வேண்டிய சாமான் பட்டியலை அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.