வால்பாறை எழுத்து முகாம்: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. ஜூலை கடைசியில் வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நடக்கிற எழுத்து முகாமுக்குப் பணம் கட்டிவிட்டேன். காலையில் தனியாக உட்கார்ந்து எழுதுவது, சாயங்காலம் எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசிப்பது, அவ்வளவுதான் திட்டம்; செல்போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், எனக்கு அது நல்லதுதான்.

மழையை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று, அதுவும் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற மாதம், நோட்டுத் தாள் நமுத்துப்போய் பேனா மை ஊறுமாமே, பென்சிலே எடுத்துப் போகட்டுமா? ரத்தம் உறிஞ்சுகிற அட்டைப்பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள்? உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற அட்டை உறை பொள்ளாச்சியில் கிடைக்குமா?

அப்புறம், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, எனக்கோ பஸ்ஸில் குமட்டும். பொள்ளாச்சியிலிருந்து எந்த நேரத்து பஸ்ஸில் ஏறினால் முன் ஸீட் கிடைக்கும்?

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் தனியாக நடக்கவும் ஆசை, ஆனால் யானை நடமாடுகிற ஊர். எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.