முதல் கேமரா: வீட்டுக்குள் ஓடி விளையாடும் பிள்ளைகளைப் படமெடுக்க எதை வாங்கலாம்?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை போனில்தான் படம் எடுத்து வந்தேன். இப்போது முதல் முறையாக ஒரு கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். பெரும்பாலும் எடுப்பது அக்காவின் இரண்டு பிள்ளைகளைத்தான். நான்கு வயது, ஏழு வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டார்கள். பகலில் வெளியே எடுத்தால் படம் அருமையாக வருகிறது. மாலையில் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் முகம் இழுபட்டுப் போகிறது, ஆட்டும் கை வெறும் கோடாகத் தெரிகிறது.

ஒரு நடுத்தர போன் வாங்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது. அதற்குள் 60 மடங்கு ஜூம் உள்ள புதிய கேமரா ஒன்று கிடைக்கிறது. அதிலேயே பறவைகளையும் எடுக்கலாம் என்று ஆசை. வாங்கலாமா? எத்தனை மெகாபிக்சல் இருந்தால் போதும்?

பதில் 1

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள் சகோ. ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சிடவே ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த அநேகமாக எல்லாக் கேமராக்களிலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பதில் 2

தம்பி, அந்த 60 மடங்கு ஜூம் கேமராவை வாங்காதீர்கள். உங்கள் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். அவ்வளவு நீள ஜூமைச் சின்ன உடம்புக்குள் அடக்குவதற்காக உள்ளே மிகச் சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) வைத்திருப்பார்கள். பொதுவாக சுமார் 6.2 × 4.6 மி.மீ. தான். சாதாரண டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. வெயிலில் அந்த ஜூம் கேமரா நன்றாகவே எடுக்கும். மாலையில் வீட்டுக்குள் உங்கள் போன் தரும் அதே இழுவையைத்தான் அதுவும் தரும்.

படம் ஏன் இழுபடுகிறது என்றால், வெளிச்சம் போதாதபோது ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் பிள்ளை நகர்ந்துவிடுகிறது. ஓடும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் குறைந்தது 1/250 விநாடியாவது வேண்டும். அதற்கு வழி அகலமான அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) உள்ள லென்ஸ். அந்தத் துளையின் அளவைச் சொல்வதுதான் எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் மேலான வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே 1/25 கிடைக்கிற இடத்தில் இங்கே கிட்டத்தட்ட 1/250 கிடைக்கும். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டத் தேவையே இல்லை.

அதனால் என் யோசனை இதுதான்: டிஎஸ்எல்ஆர் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) பழையதாக, செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை ஒரு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸில் போடுங்கள். 50 எம்எம் இன்னும் மலிவுதான், ஆனால் ஏபிஎஸ்-சி பாடியில் அது 75 எம்எம் போலத் தெரியும், அதாவது காட்சி குறுகிவிடும். சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் இரண்டு பிள்ளைகளும் ஒரே படத்துக்குள் வரமாட்டார்கள்.

பறவையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு வேறு லென்ஸ், வேறு செலவு. ஒரே கேமராவில் இரண்டையும் எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

பதில் 3

செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், எனக்கும் உடன்பாடுதான். ஆனால் டிஎஸ்எல்ஆர் எதற்கு? தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் நிக்கானின் கடைசி மாடல் டி3500, அதுவே 2018-இல் வந்தது. சோனி ஏ6000 போன்ற பழைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) ஒன்றைப் பார்க்கலாமே. ஷட்டரை அழுத்தும் முன்பே படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று திரையில் தெரியும். புதிதாகக் கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பதில் 2 எழுதியவர்

நல்ல கேமராதான், மறுக்கவில்லை. ஆனால் பாடியோடு கணக்கு முடியாதே. அதற்கேற்ற எஃப் 1.8 லென்ஸைச் சேர்த்தால் தொகை ஏறிவிடும். நிக்கான், கேனன் டிஎஸ்எல்ஆர்களுக்குப் பழைய லென்ஸ்கள் கொட்டிக் கிடக்கின்றன. தம்பியின் பட்ஜெட் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நானும் மிரர்லெஸ்தான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. ஒருவர் நிக்கான் டி5300 விற்கிறார். கூடவே 18-55 கிட் லென்ஸும் 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸும் தருகிறாராம். 35 இல்லை. இதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 4

கொஞ்சம் பொறுங்கள்! அந்த ‘ஏஎஃப்’ 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் டி5300-இல் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. லென்ஸின் பெயரில் ‘ஏஎஃப்’ என்று மட்டும் இருந்தால் அதற்குள் மோட்டார் இல்லை என்று அர்த்தம். பாடியில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டாரே கிடையாது. டி7000 வரிசையில் உண்டு. ஓடும் பிள்ளையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது பழகியவர்களுக்கே சிரமம். உங்களுக்கு வேண்டியது ‘ஏஎஃப்-எஸ்’ என்று போட்ட லென்ஸ். ‘ஏஎஃப்-பி’ என்றால் டி5300-இல் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் வேலை செய்யும். டி3200, டி5200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே நகராது.

பாடியையும் கிட் லென்ஸையும் மட்டும் பேசி முடியுங்கள். ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி தனியாகத் தேடினால் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

நல்லவேளை, கேட்டுவிட்டேன். நேரில் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில் 2 எழுதியவர்

முதலில் லென்ஸைக் கழற்றி, அபர்ச்சர் இதழ்களை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய வேர் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசி பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அப்புறம் எஃப் 16 வைத்து ஒரு வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்துவிடலாம், விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்ற கணக்கு, நிக்கானில் சுலபம். புதிதாக ஒரு படம் எடுத்து அதன் எக்ஸிஃப் தகவலை (படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் விவரம்) பார்த்தால் எண் இருக்கும். டி5300-இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 20,000, 30,000 என்றால் தாராளமாக வாங்கலாம். மெமரி கார்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள், பேட்டரியும் சார்ஜரும் அசல்தானா என்று கேளுங்கள். மடக்குத் திரையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள், படம் மின்னக் கூடாது.

கேள்வி கேட்டவர்

வாங்கிவிட்டேன்! கவுன்ட் 18,000 சொச்சம். 35 எம்எம் லென்ஸும் வேறொருவரிடம் கிடைத்துவிட்டது. ஆட்டோவில் போட்டால் ஃபிளாஷ் தானாக எழும்பிவிடுகிறது. எஃப் 1.8-இல் எடுத்தால் சின்னவள் தெளிவாக வருகிறாள், பின்னால் நிற்கும் பெரியவன் மங்கிவிடுகிறான். லென்ஸில் கோளாறா?

பதில் 4 எழுதியவர்

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் அவ்வளவு குறைவு. ஒரு பிள்ளை மட்டும் என்றால் 1.8 அல்லது 2. இருவரும் முன்பின்னாக இருந்தால் 2.8 அல்லது 3.5-க்குப் போங்கள். மோட் டயலை ‘ஏ’வில் (அபர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் மோடு) வையுங்கள், ஃபிளாஷ் தானாக எழும்பாது. மெனுவில் ஐஎஸ்ஓ அமைப்புக்குள் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, உச்ச ஐஎஸ்ஓ 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 என்று வைத்துவிடுங்கள். ஃபோகஸ் புள்ளியை முன்னால் நிற்பவரின் கண்ணில் வையுங்கள். ஃபோகஸ் மோடு ஏஎஃப்-சி, அது நகர்பவரை விடாமல் தொடரும்.

இன்று மாலையே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.