நேர்ல பார்த்தது ஒண்ணு, டிவியில வந்தது ஒண்ணு: அமெரிக்க பிரைமரி அனுபவங்களைச் சொல்லுங்க

ஃப்ரீமாண்ட்காரன்
இத்தனை வருஷமாகியும் உறுத்துது. 2016 ஜூன் 6, திங்கட்கிழமை. மறுநாள் கலிஃபோர்னியா பிரைமரி, அதாவது கட்சியோட அதிபர் வேட்பாளர் யாருன்னு மக்கள் போடற ஓட்டு. எனக்கு அப்போ கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. டெமாக்ரட் கட்சியில ஹிலரி கிளின்டனை எதிர்த்து நின்ன சாண்டர்ஸுக்காக போன் பண்ணிட்டிருந்தேன். என் லிஸ்ட்ல இருந்தவங்க எல்லாருமே எந்தக் கட்சியிலயும் பதிவு பண்ணாதவங்க. அவங்களுக்கு டெமாக்ரட் வாக்குச்சீட்டு தானா வராது, கேட்டுத்தான் வாங்கணும். ஒரு வயசான அம்மா, ஞாயித்துக்கிழமை பேசினப்போ "இரு, பேனா எடுத்துக்கறேன்"னு சொல்லி, பூத்ல என்ன கேக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா எழுதிக்கிட்டாங்க.

திங்கள் சாயந்திரம் ஆறு மணி வாக்குல ஞாபகப்படுத்தக் கூப்பிட்டேன். பின்னாடி டிவி அலறுது. "ஹிலரி ஜெயிச்சாச்சுன்னு சொல்றாங்களே, நான் நாளைக்கு எதுக்குப் போகணும்?"

ஒரு செய்தி நிறுவனம் சூப்பர் டெலிகேட்டுகளை, அதாவது கட்சி மாநாட்டுல இஷ்டப்பட்டவருக்கு ஓட்டுப் போடலாம்னு இருந்த கட்சிப் பெரியவங்களை, ஒவ்வொருத்தரா விசாரிச்சு, ஜெயிக்கத் தேவையான 2,383 ஹிலரிக்குச் சேந்துடுச்சுன்னு அறிவிச்சிருந்தது. அந்த ஆளுங்க ஓட்டுப் போடறதே ஜூலை மாநாட்டுலதான். என் கையில இருந்த ஸ்கிரிப்ட்ல இந்தக் கேள்விக்குப் பதிலே இல்ல. "சரிம்மா"ன்னு வச்சுட்டேன்.

ஆரஞ்சு குல்லா
நான் இன்னும் பழைய ஆளு. 2004 ஜனவரி 19, அயோவா காக்கஸ் ராத்திரி, அதாவது ஊர் ஊரா கூட்டம் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற நாள். ஏம்ஸ்ல படிச்சிட்டிருந்தேன். ரூம்மேட்டுக்கு டெமாக்ரட் வேட்பாளர் ஹோவர்ட் டீன் மேல பைத்தியம். பீட்சா கிடைக்கும்னு கூடப் போனேன், தலையில ஆரஞ்சு குல்லா மாட்டி விட்டுட்டாங்க. வெஸ்ட் டெமாயின்ல ஒரு டான்ஸ் ஹால். டீன் மூணாவது இடம்னு தெரிஞ்சும் கூட்டம் அடங்கல. அவர் கோட்டைக் கழட்டி, சட்டைக் கையை மடிச்சு விட்டு, அடுத்து எந்தெந்த மாநிலம்னு அடுக்கறார். எனக்கு ஒரு வார்த்தை கேக்கல. சத்தியமா. ரூம்மேட் என் காதுகிட்ட கத்தினதே கேக்கல.

ரூமுக்கு வந்து டிவி போட்டா, அமைதியான ஹால்ல ஒரு மனுஷன் தனியா நின்னு ஊளையிடற மாதிரி ஓடுது. அவர் கையில இருந்தது பக்கத்துச் சத்தத்தை வடிகட்டற மைக். அந்த ஒத்தைக் குரலைத்தான் சேனலுக்கு அனுப்பிச்சிருக்காங்க. நாலு நாள்ல 633 தடவை போட்டாங்கன்னு அப்புறம் ஒரு கணக்கு வந்தது. "இது நான் இருந்த ஹாலே இல்லடா"ன்னேன். ரூம்மேட் பேசவே இல்ல, குல்லாவைக் கழட்டாம படுத்துட்டான்.

எடிசன் மாமி
டீன் கத்தினதாலதான் தோத்தார்னு இனி யாராவது ஆரம்பிப்பாங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். கத்தறதுக்கு முன்னாடியே அயோவாவுல போட்டியாளர்கள் கெர்ரிக்கு 38, எட்வர்ட்ஸுக்கு 32, இவருக்கு 18 சதவீதம்தான்.

ஃப்ரீமாண்ட் தம்பிக்கு: அந்த அறிவிப்பு உங்களுக்கு மட்டுமா வினையாச்சு? ஜூன் 7 நியூஜெர்சியிலயும் ஓட்டு. ஒரு பொம்பளை பேருக்கு நேரா நான் ஓட்டுப் போடறதைப் பொண்ணு பார்க்கட்டும்னு, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அவளைக் கூட்டிண்டு கிளம்பறேன், பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிண்டே, "அதான் நேத்தே முடிஞ்சுதே"ங்கறார். பொண்ணு என்னைப் பார்க்கறா. அந்த மூஞ்சியை மறக்க முடியலை. ஹிலரியே திங்கட்கிழமை லாங் பீச்ல, இன்னும் வேலை பாக்கி இருக்குன்னுதான் பேசினார்.

அப்புறம், கலிஃபோர்னியாவுல ஹிலரிக்கு 53, சாண்டர்ஸுக்கு 46 சதவீதம். நீங்க கூப்பிட்ட அந்த அம்மா போயிருந்தாலும் மாறியிருக்காது. ஹார்வர்டு ஆய்வுலயும் 2015-ல ஹிலரியைப் பத்தின செய்திதான் ரொம்ப எதிர்மறை, சாண்டர்ஸைப் பத்தி வந்தது கம்மி, ஆனா வந்ததெல்லாம் பெரும்பாலும் நல்லதுன்னுதான் இருக்கு.

ஃப்ரீமாண்ட்காரன்
மாமி, "வந்தது கம்மி"ன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அதுதான் எங்க வழக்கே. 2016 மார்ச் 15 ராத்திரி சாண்டர்ஸ் ஃபீனிக்ஸ்ல பேசிட்டிருக்கார், கேபிள் சேனல்ல ட்ரம்ப் இன்னும் வராத காலி மேடை ஓடுது. மைக் ஸ்டாண்டுக்குக் கிடைச்ச நேரம்கூட எங்காளுக்குக் கிடைக்கல.

டாலஸ் அப்பா
2019 ஜூன் 27, மயாமியில டெமாக்ரட் வேட்பாளர்களோட டிவி விவாதம். பையனுக்கு அப்போ பத்து வயசு. வேட்பாளர்கள்ல ஒருத்தரான ஆண்ட்ரூ யாங்கோட 'மேத்' (கணக்கு)னு எழுதின தொப்பியோட சோபா நுனியில உக்காந்திருக்கான். மேடையில பத்து பேர், ரெண்டு மணி நேரம். "அப்பா, அவர் எப்ப பேசுவார்?" கால் மணிக்கு ஒரு தடவை இதே கேள்வி. பைடனுக்கு 13 நிமிஷத்துக்கு மேல கிடைச்சது, யாங்குக்கு மொத்தமே மூணு நிமிஷம் வாக்குல. நடுவுல பேசப் பார்த்தா மைக்கே ஆன்ல இல்லன்னு அவர் சொன்னார், சேனல் மறுத்தது. பையன் முடியறதுக்குள்ள தூங்கிட்டான்.

தாளிப்பு
எனக்கும் 2020-ல ஒரு கருத்துக்கணிப்பு போன் வந்தது. அடுப்புல கடுகு வெடிக்குது, அந்தப் பொண்ணு வேட்பாளர் பேரா வாசிக்கறா, ஒண்ணும் பிடிபடல, கடைசியாக் கேட்ட பேரைச் சொல்லிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனா இங்க எல்லாரும் ஒரு விஷயம் கத்துக்கணும். கணிப்பு நம்பரைப் பார்க்காதீங்க, எப்படிக் கேட்டாங்கன்னு பாருங்க. 2020 பிப்ரவரி 1, அயோவாவோட கடைசிக் கணிப்பை டிவியில அறிவிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி நிறுத்திட்டாங்க. ஏன்னு தெரியுமா? கேள்வி கேக்கற ஒருத்தர் திரையில எழுத்தைப் பெருசாக்கியிருக்கார், பட்டியல்ல கடைசிப் பேரு வெட்டுப்பட்டுப் போச்சு. வேட்பாளர் புட்டஜஜ் பேரை வாசிக்கலையேன்னு பதில் சொன்ன ஒருத்தர் புகார் பண்ணித்தான் வெளிய வந்தது. மூணாம் தேதி காக்கஸ்ல முன்னால நின்ன ரெண்டு பேர்ல அவரும் ஒருத்தர். அதனால எத்தனை பேரைக் கேட்டாங்க, பிழை வரம்பு (நம்பர் முன்னபின்ன இருக்கற அளவு) எவ்வளவு, கேள்வி வரிசையை மாத்தி மாத்திக் கேட்டாங்களா, எல்லாம் பாருங்க. விவாத மேடைக்குள்ள விடறதுக்கும் இந்தக் கணிப்பைப் பார்த்தாங்க. 2019 முதல் விவாதத்துக்கு மூணு கணிப்புல 1 சதவீதம், இல்லேன்னா 65,000 பேர்கிட்ட நன்கொடை. டாலஸ் அப்பா, பையனுக்கு இப்பவே புள்ளியியல் சொல்லிக் குடுங்க. கான் அகாடமியில இலவசமாவே இருக்கு.

டாலஸ் அப்பா
அவன் இப்ப காலேஜ் போற வயசுங்க.

ஆரஞ்சு குல்லா
மாமி, கத்தினதால தோத்தார்னு நான் எங்க சொன்னேன்? எனக்குக் கேக்கலைன்னுதான் சொன்னேன்.