முதன்முதலாக லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) போட்டபோது டிஸ்க்கை எப்படிப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்தீர்கள்?

அக்கா பையனின் லேப்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டோம். 512 ஜிபி எஸ்எஸ்டி. கணக்கிடும் முறை வேறு என்பதால் விண்டோஸ் அதை 476 என்றுதான் காட்டும். சி டிரைவில் பாதிக்கு மேல் காலி. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால், 20 ஜிபி தருகிறேன் என்று பிகு பண்ணியது. பேஜிங் ஃபைல் (ரேம் போதாதபோது பயன்படுவது), ஹைபர்நேஷன் ஃபைல் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைப்பதற்கானது) போன்ற நகராத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. அந்த இரண்டையும், கூடவே சிஸ்டம் ரிஸ்டோரையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்த பிறகு, கேட்ட 120 ஜிபி கிடைத்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

"மாமா, வீடியோவில் வார், டெம்ப் என்ற லினக்ஸ் ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி பார்ட்டிஷன் போடுகிறார்களே" என்றான். சர்வருக்கு அது சரி, வீட்டு லேப்டாப்புக்கு எதற்கு? ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்), ஹோம் (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) இரண்டு போதும். ரூட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறையில் வரும் செயலிகள் அங்கேதான் போய் உட்காரும். சிஸ்டத்தின் நகல்களை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டுக்கு வேறு இடம் காட்டாவிட்டால் அதுவும் அங்கேதான். 20 ஜிபி எல்லாம் சீக்கிரமே நிரம்பிவிடும். 50 ஒதுக்கினோம், மீதி ஹோமுக்கு.

விண்டோஸ் ஏற்கெனவே வைத்திருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனே (பூட் ஆவதற்கான கோப்புகள் இருக்கும் இடம்) லினக்ஸுக்கும் போதும். இன்ஸ்டாலரில் அதன் வரிசையில் ஃபார்மேட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்துவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது.

*

எங்கள் வீட்டில் இருந்தது எம்பிஆர் டிஸ்க், அதாவது பார்ட்டிஷன் பட்டியலைப் பழைய முறையில் வைத்திருப்பது. அதில் பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன் நான்குக்கு மேல் போட முடியாது. சிஸ்டம், சி, டி, ரெக்கவரி என்று கம்பெனியே நான்கையும் போட்டு அனுப்பியிருந்தது. சி-யைச் சுருக்கி எடுத்த இடம் இன்ஸ்டாலரில் 'அன்யூசபிள்' என்று வந்தது. அப்புறம் டி-யில் இருந்ததை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அதை அழித்து, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல பார்ட்டிஷன் வைக்கக்கூடியது) போட்டு, அதற்குள் லாஜிக்கல் என்ற உட்பார்ட்டிஷன்களாக ரூட்டும் ஹோமும் வைத்தோம். ஒன்று கவனியுங்கள்: விண்டோஸிலேயே ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், டைனமிக் டிஸ்க்காக (விண்டோஸுக்கே உரிய வேறு முறை) மாற்றவா என்று கேட்கும். சம்மதித்துவிட்டால் லினக்ஸ் போடுவது பெரும்பாடு.

*

ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் பயன்படும் இடமான ஸ்வாப்பை யாரும் சொல்லவில்லையே! ரேமைப் போல இரண்டு மடங்கு என்பது ரேம் எம்பி கணக்கில் இருந்த காலத்துப் பேச்சு. மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவில் 17.04 பதிப்பு முதல் ஸ்வாப் ஒரு கோப்பாகவே வந்துவிடுகிறது, தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை. ஹைபர்நேட் வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்காவது ஒதுக்குங்கள். நான் லேப்டாப்பை மூடி வைப்பதோடு சரி, அதனால் ஒதுக்கவில்லை.