வெனிஸில் ஒரு கிணற்று மேடை

சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கியபோது, சாலை இருக்க வேண்டிய இடத்தில் பெருங்கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. படங்களில் பலமுறை பார்த்த காட்சிதான் என்றாலும், பேருந்து நிற்பதுபோல் பயணிகள் படகு வந்து நின்று ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டு சற்று நேரம் பெட்டியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் அனுப்பியிருந்த முகவரியில் தெருப்பெயர் இல்லை. காஸ்தெல்லோ என்ற வட்டாரத்தின் பெயரும் ஒரு நான்கிலக்க எண்ணும் மட்டுமே இருந்தன. ஆறு வட்டாரங்களாகப் பிரிந்துள்ள இந்த நகரத்தில் வீட்டு எண்கள் தெருவாரியாக அல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் தொடர்ச்சியாகப் போகின்றன என்பதும், அடுத்த எண்ணுள்ள கதவு கால்வாயின் அக்கரையில்கூட இருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எல்லாப் பாலங்களுக்கும் படிகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கியதில் தோள் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. கடைசியில், ‘காம்போ’ என்று அவர்கள் சொல்லும் சிறிய சதுக்கம் ஒன்றின் நடுவிலிருந்த கல் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

காய்கறி வாங்கிய சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வந்த முதிய பெண்மணி ஒருவர் நான் கேட்காமலேயே நின்றார். முகவரியைப் பார்த்து வழி சொன்னபின், நான் சாய்ந்திருந்தது எது என்று தெரியுமா என்று நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார். செதுக்கு வேலைப்பாடு கொண்ட, இடுப்பளவு உயரமுள்ள உருண்டைக் கல் அது. வாய் இரும்பு மூடியால் அடைக்கப்பட்டிருந்தது. அலங்காரத்துக்கு வைத்தது என்றே நான் நினைத்திருந்தேன். அது கிணறு என்றார் அவர்.

நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிக்க ஒரு வாய் நன்னீர் ஊறாத நகரம் வெனிஸ். ஆகவே சதுக்கத்தையே ஆழமாகத் தோண்டி, உப்புநீர் கசியாதபடி களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல் கிணற்றை எழுப்பினார்கள். தளக்கற்களுக்கிடையே உள்ள துளைகள் வழியாக இறங்கும் மழைநீர் மணலில் வடிகட்டப்பட்டுக் கிணற்றுக்குள் சேரும். உயர் ஓதத்தின்போது கடல்நீர் புகுந்து கெடுத்துவிடாமல் இருக்கத்தான் நான் உட்கார்ந்திருந்த அந்த மேடை. மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்றிலிருந்து படகுகளில் தண்ணீர் வரும். நிலப்பரப்பிலிருந்து குழாய்நீர் வந்தது 1884-இல்தான். அதுவரை தம்முடைய பாட்டியின் தாயார் இதே கிணற்றில் நீர் இறைத்தவர் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கிணற்றுவாயின் விளிம்பில் வைத்தார். நூற்றாண்டுக் கணக்கில் கயிறு உராய்ந்து கல்லில் விழுந்த பள்ளங்களில் என் விரல்கள் கச்சிதமாகப் பொருந்தின. ரியால்த்தோ பாலமும் சான் மார்க்கோ பேராலயமும் பேரழகு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த நகரத்தை நான் தொட்டது அந்தக் கணத்தில்தான்.

மறுநாளிலிருந்து விடியற்காலையிலேயே எழுந்து கால்வாய் ஓரமாக நடக்கத் தொடங்கினேன். பால், சிமெண்ட் மூட்டை, சலவைத் துணி, குப்பை என்று நகரத்துக்கு வருவதும் நகரத்தைவிட்டுப் போவதும் எல்லாமே படகில்தான். இறங்கிய சரக்கை, பாலத்துப் படிகளில் ஏற்றுவதற்கென்றே முன்பக்கம் சிறிய துணைச்சக்கரங்கள் பொருத்திய கைவண்டிகளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒன்பது மணிக்குமேல் சுற்றுலாக் கூட்டம் நிரம்பியபின் இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை.

அந்த அம்மையாரை மீண்டும் ஒருமுறை அதே இடத்தில் சந்தித்தேன். 1966 நவம்பர் 4 அன்று கடல்மட்ட அளவுகோலில் நீர் 194 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தபோது வந்த வெள்ளம் தம் வீட்டுச் சுவரில் எதுவரை ஏறியது என்பதைத் தம் நெஞ்சருகே கையை வைத்துக் காட்டினார். 2019 நவம்பரிலும் 187 சென்டிமீட்டர் வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் மோசே தடுப்பரண் முதன்முதலாக உயர் ஓதத்தை மறித்தது. காயலுக்குள் கடல் நுழையும் மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்தினால், உள்ளிருக்கும் நீர் வெளியேறிக் கதவுகள் மிதந்தெழுந்து கடலை மறிக்கின்றன. அதன்பிறகு நிம்மதியாக உறங்குவதாகச் சொன்னார்.

நீரைவிட அவரை வாட்டுவது வேறொன்று. 1951-இல் இந்தப் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. தம் கட்டடத்தில் ஆண்டு முழுவதும் விளக்கெரியும் வீடு தம்முடையது மட்டுமே என்றும், மற்றவை பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன என்றும் அவர் சொன்னபோது, அப்படியொரு வீட்டில்தான் நானும் தங்கியிருந்தேன் என்பதால் எனக்குப் பதில் வரவில்லை. குறிப்பிட்ட நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024-இல் தொடங்கியதைப் பற்றிக் கேட்டேன். கட்டணம் பெரிதல்ல, இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேண்டும் என்றார்.

புறப்பட்ட அன்று மாலை அந்தச் சதுக்கம் வழியாகவே பெட்டியை எடுத்துச் சென்றேன். சிறுவர்கள் மூன்று பேர் கிணற்றுக் கல்லைக் கம்பமாக வைத்துப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மாடிச் சன்னலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.